உப்புக் காற்றுக்கு எந்த கேமரா?

உங்கள் வீட்டுப் பரண் மேலோ, பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய கேமரா கிடக்கிறதா? கிடக்கும், பாருங்கள். அப்பா வாங்கியதாக இருக்கலாம். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். தோல் உறைக்குள் பத்திரமாக இருக்கும். உறையைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். மழைக்காலத்தில் காயாத துணியின் வாடை அடித்தால், லென்ஸுக்குள் பூஞ்சை குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். பழைய கேமராவைச் சோதிக்கக் கண்ணை விட மூக்குதான் முதல் கருவி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் கொஞ்சம் தள்ளி வருவார்.

ஃபிலிம் கேமரா பேச்சு இப்போது எதற்கு என்கிறீர்களா? அது திரும்பி வந்துவிட்டது, ஐயா. 2012-ல் கோடக் கம்பெனி திவால் மனு கொடுத்தபோது, கதை முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன். இன்றைக்கு, ஃபிலிம் ரோலைக் கையால் தொட்டே பார்த்திராத பிள்ளைகள் அதைத் தேடி அலைகிறார்கள். நிறுத்திய எம்6 கேமராவை லைக்கா 2022-ல் மறுபடி செய்தது. 2024-ல் பென்டாக்ஸ், '17' என்று புத்தம் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. செல்போனில் ஆயிரம் படம் எடுத்து ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்காத அலுப்பு காரணமாக இருக்கலாம். ஃபேஷனாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பக்கத்து ஃப்ளாட் தம்பியும் அப்படி ஒருவர். சிறுசேரியில் வேலை. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனும் கையுமாக வந்தார்.

"அங்கிள், இந்த கேமராவைப் பாருங்க. கேனான் ஏஇ-1. கண்டிஷன் சூப்பர்னு போட்டிருக்கான். வாங்கிடட்டுமா?"

"எதுக்குப்பா? உன் போன்லயே மூணு கேமரா இருக்கே."

"இல்ல அங்கிள். பாப்பா பொறந்ததும் முதல் படம் ஃபிலிம்ல எடுக்கணும். அப்புறம், அவளுக்கு இருபது வயசாகும்போது அதே கேமராவை அவ கையில கொடுக்கணும். அதுல அவ என்னைப் படம் எடுக்கணும்."

பெண்தான் பிறக்கும் என்று எப்படி முடிவு செய்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த இருபது வருஷம் என்னை உட்கார வைத்துவிட்டது. 'நல்ல கேமரா எது?' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். 'இன்னும் இருபது வருஷம் உழைக்கிற கேமரா எது, அதுவும் கேளம்பாக்கத்தில்?' என்பது வேறு ஜாதிக் கேள்வி.

கேளம்பாக்கம் தெரியாதவர்களுக்காக: பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியைத் தாண்டினால் எங்கள் ஊர். கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் கோவளம் கடல். நடுவில் காயலும் உப்பளங்களும். பாத்திகளில் வெள்ளை வெளேர் என்று உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். சீசனில் பூநாரைகள் வரும். பார்க்க அழகுதான். குடியிருந்து பாருங்கள், தெரியும். பெயின்ட் அடித்த கேட் இரண்டு வருஷத்தில் பொரிப் பொரியாக உதிரும். ஏ.சி.யின் வெளிப்பெட்டித் தகடு வெள்ளை பூத்து நொறுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரிக்குள் இருக்கும் பெல்ட்டுக்கு மீசை முளைக்கும். இந்தக் காற்றை எந்தக் கண்ணாடி ஜன்னலும் முழுசாகத் தடுக்காது. இரும்பைத் தின்கிற ஊர் கேமராவை மட்டும் விட்டுவைக்குமா?

கேனான் ஏஇ-1 மோசமான கேமரா இல்லை. 1976-ல் வந்தது. கேமராவுக்குள் மைக்ரோபிராசஸர் வைத்த முதல் எஸ்.எல்.ஆர். அதுதான். லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் 6 வோல்ட் பேட்டரி செத்தால் கேமராவும் செத்தது. பேட்டரியாவது கடையில் கிடைக்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட்? அரை நூற்றாண்டு வயசான அந்தச் சில்லை இனி யாரும் செய்யப்போவதில்லை. இன்னொரு செத்த கேமராவைப் பிரித்து எடுத்தால்தான் உண்டு. உப்பு படிந்த ஈயப் பற்றுகள் எப்போது கழன்றுகொள்ளும் என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும். 2024-ல் வந்த பென்டாக்ஸ் 17-க்கும் இதே கதைதான். ஃபிலிமைக் கையால் சுற்றலாம், லீவர் இருக்கிறது. ஆனால் ஷட்டருக்குப் பேட்டரி வேண்டும்.

முழு மெக்கானிக்கல் கேமரா வேறு பிராணி. லீவரை இழுக்கும்போது உங்கள் கட்டைவிரல் ஒரு ஸ்பிரிங்கை முறுக்குகிறது. பட்டனை அழுத்தினால் ஒரு திரை ஓடுகிறது, பின்னாலேயே இன்னொரு திரை துரத்துகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் வெளிச்சம் ஃபிலிமில் விழுகிறது. ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்களுக்கு, இரண்டாவது திரையைப் பிடித்து நிறுத்திவைக்க ஒரு பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது. தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரத்தில் இருக்குமே, அதே குடும்பம். பேட்டரி இருந்தால் அது வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும். பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் படம் விழும்.

மெக்கானிக்கல் என்று முடிவானதும் இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று பென்டாக்ஸ் கே1000. 1976-லிருந்து 1997 வரை, ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் செய்தார்கள். அமெரிக்காவில் போட்டோ பாடம் படித்த ஒரு தலைமுறையே இதில்தான் கற்றது. கடைசிக் காலத்தில் செய்தவற்றில் பிளாஸ்டிக் கலந்துவிட்டது, பழையது கனமாக இருக்கும். இன்னொன்று நிக்கான் எஃப்எம்2. 1982-ல் வந்தபோது ஒரு விநாடியை நாலாயிரமாக வெட்டியது. அதுவும் வெறும் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு! டைட்டானியத் தகடுகளை மெலிதாக்கி, தேன்கூடு மாதிரி பதித்துச் செய்த ஷட்டர். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பெஷாவர் அகதி முகாமில் அந்தப் பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை எடுத்தது இதில்தான் என்பார்கள்.

நிக்கான் என்றதும் டான் மெக்கலின் கதை ஞாபகம் வரும். 1970-ல் கம்போடியப் போர்க்களத்தில் அவர் மீது பாய வேண்டிய துப்பாக்கிக் குண்டு அவருடைய நிக்கான் எஃப் கேமராவில் பாய்ந்தது. மனிதர் தப்பினார். இதைக் கேட்டுவிட்டு 'அப்படிப்பட்ட உறுதியான கேமரா வேண்டும்' என்று சிலர் கிளம்புகிறார்கள். நம் வீட்டில் கேமராவைக் கொல்வது குண்டு இல்லை. பீரோ.

உண்மையாகத்தான் சொல்கிறேன். மெக்கானிக்கல் கேமரா தேய்ந்து செத்ததை விட, சும்மா கிடந்து செத்தது அதிகம். உள்ளே இருக்கும் எண்ணெய் பிசுபிசுத்துப் பிசின் ஆகிவிடும். அப்புறம் மெதுவான வேகங்கள் திக்கும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸுக்குப் பூஞ்சையைப் பரிமாறும். உறை அழகுக்குத்தான். அதைச் சுவரில் மாட்டுங்கள்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே நாலுக்கு நாலு இடம். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணில் வாட்ச் ரிப்பேர்காரர் மாட்டுகிற கண்ணாடி. எதிரே ஒரு கல்யாண போட்டோகிராபரின் யாஷிகா மேட் குடல் பிடுங்கிக் கிடந்தது. சதுரப் படம், ரோலுக்குப் பன்னிரண்டு. இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார்களே, அந்த இரட்டைக் கண் கேமரா. உங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் அந்த வகையறா ஒன்றில்தான் எடுத்திருப்பார்கள்.

தம்பி நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், நிக்கான் எஃப்எம்2 வாங்கறதா, பென்டாக்ஸ் கே1000 வாங்கறதா?"

பெரியவர் நிமிரவே இல்லை. "மாடு வாங்கப் போறவன் ஜாதியைக் கேப்பானா, பல்லைப் பாப்பானா?"

பிறகு அவரே பல் பார்க்கிற வித்தையைச் சொன்னார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாராவது ஒன்றை உங்கள் தலையில் கட்ட வரும்போது உதவும். லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நாலு தூசி தெரிந்தால் பாதகமில்லை. பின்கதவைத் திறந்து ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்த வேண்டும். 'ஸ்ர்ர்ர்' என்று ஒரே சீராகப் பல்சக்கரம் பாடி முடிய வேண்டும். நடுவில் திக்கினாலோ, திரை பாதியில் நின்றாலோ எண்ணெய் காய்ந்துவிட்டது. கதவு விளிம்பிலிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் தார் மாதிரி கையில் ஒட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், எல்லாப் பழைய கேமராவிலும் அப்படித்தான், மாற்றிவிடலாம். பேட்டரி மூடியைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணித் திரையாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித் துளை தேட வேண்டும்.

"மேலே அடிபட்டு நசுங்கியிருந்தா?" என்று தம்பி கேட்டார்.

"நசுங்கினா பரவாயில்ல. நசுங்கினது விலை குறையும். ஸ்க்ரூ தலை மழுங்கியிருந்தா வாங்காதே. தெரியாதவன் உள்ள கை வச்சிருக்கான்னு அர்த்தம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே கேளம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறலாம். நான் இதுவரை படித்த எந்தக் கேமரா புத்தகத்திலும் ஸ்க்ரூ தலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவரிடம் நானும் ஒன்று கேட்டேன். "ஐயா, உங்ககிட்ட யாராவது கத்துக்கறாங்களா?"

"ரெண்டு பேர் வந்தானுங்க. ஒருத்தன் செல்போன் சர்வீஸ் போட்டுட்டான். இன்னொருத்தன் டெலிவரி பைக் ஓட்டறான். தப்பு சொல்ல முடியாது சார், அதுல காசு வருது." யாஷிகாவைத் திருப்பி வைத்தார். "இதெல்லாம் இன்னும் அம்பது வருஷம் ஓடும். தொறக்கறதுக்கு ஆள் வேணுமே."

தம்பியின் இருபது வருஷக் கணக்கில் நாங்கள் இரண்டு பேருமே இதைச் சேர்க்கவில்லை. பித்தளையும் எஃகும் இருபது வருஷம் தாங்கும். அதைத் திறந்து, எண்ணெய் துடைத்து, திரும்ப மூடத் தெரிந்த விரல்கள்? அங்கேதான் கே1000 என் கணக்கில் முந்தியது. நிக்கான் எஃப்எம்2 உசத்தியான கேமரா, சந்தேகமில்லை. ஆனால் அந்த டைட்டானியத் தகடு ஒன்று வளைந்தால் தட்டி நிமிர்த்த முடியாது, முழு ஷட்டரையும் மாற்ற வேண்டும். கே1000-ன் துணித் திரையும் பல்சக்கரமும் இன்னும் கொஞ்சம் நாட்டுப்புறம். பொறுமையுள்ள எந்த வாட்ச் மெக்கானிக்கும் புரிந்துகொள்ளக்கூடிய யந்திரம். பேட்டரியும் வாட்ச் கடையில் கிடைக்கிற சின்னப் பொத்தான்தான். அதே காலத்து ஒலிம்பஸ் ஓஎம்-1 அழகான கேமரா. ஆனால் அதன் மீட்டர் கேட்கிற பாதரச பேட்டரியை உலகமே நிறுத்திவிட்டது.

கே1000-க்கும் குறைகள் உண்டு. மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி காலி. செல்ஃப் டைமரும் கிடையாது. அதனால் குடும்பப் படத்தில் படம் எடுக்கிற அப்பா மட்டும் இருக்க மாட்டார். அந்தக் கால ஆல்பங்களில் பாருங்கள், எத்தனை அப்பாக்கள் காணாமல் போயிருக்கிறார்கள்! பட்டனில் திருகி மாட்டுகிற சாவி டைமர் ஒன்று உண்டு, பழைய கடைகளில் தேடினால் கிடைக்கும். தம்பிக்கு அதையும் சொல்லி வைத்தேன்.

மீட்டர் செத்தாலும் கவலைப்பட வேண்டாம் என்றேனே, அது எப்படி? வெயில் இருந்தால் போதும். லென்ஸ் துளையை எஃப்16-ல் வையுங்கள். ஃபிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டரை 125-ல் வையுங்கள். 200 என்றால் 250. நல்ல வெயிலில் தலைகீழாக நின்றாலும் படம் சரியாக வரும். உப்பளத்தில் மட்டும் எஃப்22-க்குப் போங்கள், தரையே இரண்டாவது சூரியன் மாதிரி வீசும். மீட்டர் உயிரோடு இருந்தால் அங்கே அது உங்களை ஏமாற்றும். எதைக் காட்டினாலும் சாம்பல் நிறம் என்றே அது நினைத்துக்கொள்ளும். உப்புக் குவியலைக் காட்டினால் அழுக்கு உப்பாக்கிக் கொடுக்கும். மீட்டர் சொல்வதை விட ஒன்றரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால்தான் உப்பு உப்பாக இருக்கும். உப்பளத்திலும் கடற்கரையிலும் லென்ஸை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு மணல் உள்ளே போனால் முப்பத்தாறு படத்திலும் கோடு போடும்.

சரி, கேமரா இருபது வருஷம் இருக்கும். ஃபிலிம் இருக்குமா?

நம் தமிழ்நாட்டிலேயே ஃபிலிம் செய்தோம் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967-லிருந்து உற்பத்தி. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் வந்தது. உங்கள் வீட்டுப் பழைய படங்களில் சில அந்த நீலகிரிக் குளிரில் பிறந்தவையாக இருக்கலாம். கலர் வந்தது, இறக்குமதி வந்தது, டிஜிட்டல் வந்தது. தொழிற்சாலை நஷ்டத்தில் பல வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து மூடப்பட்டது. இன்றைக்குக் கலர் ரோல் என்றால் வெளிநாட்டுச் சரக்குதான். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு கிளிக் நாற்பது ரூபாய் பக்கம் வருகிறது. ஒரு டீயும் வடையும் தாண்டிய விலை. விரல் தானாகவே நிதானமாகிவிடும்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது: கலரை லேபை நம்பி எடு, கறுப்பு வெள்ளையை உன்னை நம்பி எடு. கலர் கழுவ வெப்பநிலை கறாராக இருக்க வேண்டும், ரசாயனமும் சிக்கல். கறுப்பு வெள்ளையைக் குளியலறையிலேயே கழுவலாம். கோடக்கின் டி-76 என்ற டெவலப்பர் 1927-ல் வந்தது. அதன் பக்குவம் ஊரறிந்தது. மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்ஃபைட், வெங்காரம். எந்தக் கம்பெனி மூடினாலும் இந்த நாலும் கிடைக்கிற வரை ரசம் வைக்கிற மாதிரி வீட்டிலேயே கலக்கலாம். அப்புறம் ஹைப்போ. அவ்வளவுதான்.

கேளம்பாக்கத்துக்கு மட்டும் இரண்டு திருத்தம். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் குழாயில் சித்திரையில் வருவதைக் கொண்டு நேரடியாகக் காபி போடலாம். ஆகவே டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிற்க வைக்க வேண்டும். இரண்டாவது, எங்கள் போர் தண்ணீரே பாதி உப்பளம். ரசாயனம் கலக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் வாட்டர்தான். இல்லாவிட்டால் காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் பொட்டு பொட்டாக நிற்கும்.

தம்பி கடைசியில் கே1000 ஒன்றை வாங்கினார். மேல்மூடியில் ஒரு நசுங்கல், அதனால் விலை அடிபட்டது. பெரியவரிடம் சர்வீஸுக்குக் கொடுத்தோம். பத்து நாள் கழித்துப் போனபோது அடிமூடியைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். உட்புறத்தில் ஊசியால் கீறின மாதிரி ஒரு தேதி. 1991, மார்ச். யாரோ ஒரு மெக்கானிக், எந்த ஊரோ, வேலை பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே பெரியவரும் கீறியிருந்தார்.

"சார், அடுத்த தடவை நான் திறக்கலாமா? சொல்லித் தருவீங்களா?" என்று தம்பி கேட்டது எனக்கே எதிர்பாராதது.

"திங்கள், செவ்வாய் கூட்டம் இருக்காது. வா. முதல்ல ஸ்பாஞ்ச் மாத்தக் கத்துக்கோ. உள்ள எல்லாம் இப்ப போகாதே" என்றார் பெரியவர். அப்புறம் என்னைப் பார்த்து, "ஐ.டி. காரங்களுக்கு விரல் மெலிசா இருக்கும் சார். பொறுமைதான் தெரியல."

இப்போது தம்பி மாதம் இரண்டு செவ்வாய் லீவு போடுகிறார். ஆபீஸில் என்ன காரணம் சொல்கிறார் என்று தெரியவில்லை. கேமரா காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், நீலக் கல்லாட்டம் இருக்கும் சிலிகா ஜெல்லோடு வாழ்கிறது. நீலம் ரோஸ் ஆனதும் வாணலியில் மெல்லச் சூடு பண்ணி ஈரத்தை விரட்டிவிட்டுத் திரும்பப் போடுகிறார். அதற்கென்றே தனி வாணலி, சமையலுக்கு வராது. ரோல் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டுகிறார், எண்ணெய் உறையக் கூடாதே. சாயங்காலம் எங்கள் சுவர் வழியாக அந்த 'ஸ்ர்ர்ர்' கேட்கும்.

அவர் மனைவிதான் ஒருநாள் என்னிடம் புகார் சொன்னது. ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் மூன்று ஃபிலிம் ரோல் உட்கார்ந்திருக்கிறதாம். "முட்டை எங்க அங்கிள் வைக்கறது?"

இரண்டை எடுத்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.